பொத்தானும் அதன் பொருள்களும்

நம் விடுதியில் நாள்தோறும் காதில் விழும் இந்தி வாக்கியம் ஒன்று உண்டு. ‘பட்டன் பந்த் கரோ’ என்பதே அது. காலையில் உணவுக்கூடத்திற்குச் செல்லும்போது மேல்சட்டை திறந்து கிடந்தால், வாயிலில் அமர்ந்திருக்கும் முதிய காவலர் அன்போடு இவ்வாறு சொல்வார். நாம் பொத்தானைத் துளையில் நுழைத்து மாட்டிக்கொள்வோம். அறையைப் பூட்டிக்கொண்டு புறப்படும்போது மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தால், அதே முதியவர் அதே சொற்களைச் சொல்வார். நாம் திரும்பிச் சென்று விசிறியை நிறுத்துவோம். முதற்செயலில் பிரிந்து கிடந்த இரண்டு துணிகளை ஒன்று சேர்த்தோம். இரண்டாம் செயலில் சேர்ந்திருந்த இரண்டு உலோகத் துண்டுகளைப் பிரித்தோம். சொல் ஒன்று, செயலோ நேர்மாறானது. ஆயினும் நாம் யாரும் இடர்ப்படுவதில்லை. சூழ்நிலையே பொருளை உணர்த்திவிடுகிறது.

சென்ற பருவத்தில் ஒரு பிற்பகல், இதே வாக்கியம் ஆய்வுக்கூடத்தில் ஒலித்தது. அப்போது சூழ்நிலை கைகொடுக்கவில்லை.

வெப்பக் கடத்தல் பற்றிய சோதனை அது. சூடேற்றும் சுருள் ஒன்று, 230 வோல்ட்டு மின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் சுவரில் உள்ள சுவிட்சு வழியாக மேசைக்கு வந்து, அங்கே அழுத்தினால் பதிந்து நிற்கும் கறுப்புப் பொத்தான் ஒன்றைக் கடந்து, சுருளைச் சேர வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சு போடப்பட்டிருந்தது. மேசைமேல் இருந்த பொத்தான் மட்டும் மேலெழுந்து நின்றது. சுருள் சூடேறாமையால், மின்சாரம் முற்றிலும் நின்றுவிட்டது என்று எண்ணிய என் அறைத்தோழர், தளர்ந்திருந்த திருகாணியைத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தார். சற்றுத் தொலைவில் இருந்த உதவியாளர் சுவரிலே எரிந்த சிறு விளக்கைக் கண்டார். மேசையருகே நின்ற முதலாண்டு மாணவனைப் பார்த்து, ‘பட்டன் பந்த் கரோ’ என்று உரக்கச் சொன்னார்.

அந்த மாணவன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. இந்தி அரைகுறையாகத் தெரியும். அவன் மனத்தில் ஓடியதைப் பின்னர் அவனே என்னிடம் சொன்னான். சுவரில் இருப்பது அவனுக்குச் சுவிட்சு. அதைப் பட்டன் என்று அவன் ஊரில் யாரும் சொல்வதில்லை. பட்டன் என்றால் மேசைமேல் இருப்பதுதான். ‘பந்த்’ என்றால் மூடுதல். மூடிய சுற்றில் மின்னோட்டம் பாயும் என்று அன்று காலையில்தான் வகுப்பில் கேட்டிருந்தான். ஆகவே சுற்றை மூடச் சொல்கிறார்கள் என்று கருதிப் பொத்தானை அழுத்திவிட்டான்.

திருப்புளி உலோகச் சட்டத்தில் பட்டுப் பொறி பறந்தது. நல்லவேளையாகக் காப்புக் கருவி அந்நொடியே மின்சாரத்தைத் துண்டித்தது. என் தோழரின் வலக்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வெந்து போயின. அதற்குமேல் தீங்கு ஒன்றும் இல்லை. திருகாணியைத் தொடுமுன் சுவர்ச் சுவிட்சை நிறுத்தாதது அவர் தவறுதான். அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் உதவியாளர் சொன்னது சரியான இந்தி. மாணவன் செய்ததோ அவன் கற்ற பாடத்தின்படி சரியான செயல். இடையில் நின்று இருவரையும் ஏமாற்றியவை ஒரு பெயர்ச்சொல்லும் ஒரு வினைச்சொல்லும். அவ்விரண்டையும் பற்றி நான் தேடி அறிந்தவற்றையும் எண்ணியவற்றையும் நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் பொத்தான் என்கிறோம். பேச்சில் பட்டன் என்கிறோம். பாட்டிமார் சிலர் பித்தான் என்பர். இவற்றுள் பட்டன் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பது எல்லார்க்கும் தெரியும். பொத்தானைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. நம் சங்கத்து நண்பர் ஒருவர் இது தூய தமிழ்ச் சொல் என்று வாதிட்டார். ‘வாயைப் பொத்து, காதைப் பொத்து என்கிறோம், பொத்துதல் என்பதற்கு மூடுதல், அடைத்தல், தைத்தல் என்றெல்லாம் பொருள் உண்டு, சட்டையின் துளையைப் பொத்துவதால் இது பொத்தான் ஆயிற்று’ என்பது அவர் விளக்கம். கேட்பதற்கு இனிமையான விளக்கம். நானும் ஒரு வாரம் அதை நம்பினேன்.

ஆயின் வெளியே சற்று எட்டிப் பார்த்தால் நம்பிக்கை தளர்கிறது. வங்காளி நண்பர் இதைப் போதாம் என்கிறார். தெலுங்கில் பொத்தாமு. சிங்களத்தில் பொத்தம. நம் மொழியோடு எவ்வகை உறவும் இல்லாத சப்பானியத்தில் போத்தன்! வாயைப் பொத்தும் தமிழ் வினை சப்பான் வரை சென்றிருக்குமா? இத்தனை கரைகளையும் தொட்டுச் சென்றவர்கள் போர்ச்சுக்கீசியர். 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தவர்கள், 1510இல் கோவாவைப் பிடித்தார்கள். 1543இல் சப்பானில் கால்வைத்தார்கள். அவர்கள் மொழியில் பொத்தானுக்குப் ‘பொதாவ்ங்’ என்பது போன்ற பெயர். இறுதியில் மூக்கொலி கலந்து வரும். அந்த மூக்கொலியை நம் முன்னோர் ஓரிடத்தில் னகர ஒற்றாகவும் ஓரிடத்தில் மகர ஒற்றாகவும் கேட்டனர். போர்ச்சுக்கீசியரின் கப்பல் தலைவன் தமிழில் கப்பித்தான் ஆனான். அவர்களுடைய ‘லெயிலாவ்ங்’ தமிழில் ஏலம் ஆயிற்று. இந்தியில் நீலாம் ஆயிற்று. ஒரே ஈறு தமிழில் னகரமாகவும் வங்காளியில் மகரமாகவும் முடிவதற்குக் காரணம் இதுவே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் அகராதியும் பொத்தானைப் போர்ச்சுக்கீசிய மூலத்தோடுதான் சேர்க்கிறது.

இதனால் நண்பரின் விளக்கம் அடியோடு பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். புதிய சொல் ஒன்று காதில் விழும்போது, காது தனக்குப் பழகிய ஒலியை அதில் தேடும். பொத்து என்னும் வினை முன்பே நம்மிடம் இருந்தமையால், அயல் ஒலி அந்த அச்சில் எளிதாகப் பொருந்தி நிலைத்திருக்கலாம். இஃது என் ஊகமே.

சொல் பிற நாட்டது என்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. வேட்டிக்கும் சேலைக்கும் பொத்தான் தேவையில்லை. சுற்றிச் செருகும் உடைக்கு முடிச்சே போதும். பொருள் வந்தபோது பெயரும் உடன் வந்தது. சாவி, அலமாரி, சன்னல், மேசை, பேனா, துவாலை ஆகியவையும் அதே கப்பலில் வந்திறங்கியவைதாமே! கன்னட நண்பர்கள் இதைத் தம் சொந்தச் சொல்லால் குண்டி என்கின்றனர். சட்டைக்கும் அதுதான், அழுத்துவதற்கும் அதுதான். மலையாளிகள் சட்டைப் பொத்தானைக் குடுக்கு என்பர். (கன்னட நண்பர் தமிழர் கூடிய அறையில் தம் சொல்லை உரக்கச் சொன்னால் எழும் சிரிப்பை நான் இங்கு விளக்கப்போவதில்லை.)

இனி, சட்டையில் இருந்த பொத்தான் சுவருக்கும் எந்திரத்திற்கும் எவ்வாறு போயிற்று? துணியை மாட்டுவது போல மின்கம்பியை மாட்டுவதால் என்று எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வாறு இல்லை. ஆங்கிலச் சொல்லும் போர்ச்சுக்கீசியச் சொல்லும் பழைய பிரெஞ்சு மொழியோடு தொடர்புடையவை. பிரெஞ்சில் அச்சொல்லுக்கு இன்றும் மூன்று பொருள்கள் வழங்குகின்றன: மலரின் மொட்டு, முகத்தில் எழும் பரு, சட்டையின் பொத்தான். மூன்றும் உருண்டு புடைத்து நிற்பவை அல்லவா? அதற்கும் அடியில் உள்ள வினைக்குத் தள்ளுதல், முட்டுதல் என்று பொருள். தோலையோ கிளையையோ முட்டிக்கொண்டு வெளிவருவது மொட்டு. ஆகவே மின்மணியின் உருண்ட குமிழைப் பொத்தான் என்று அழைத்தபோது மக்கள் அதன் உருவத்தைத்தான் எண்ணினர். ஆனால் அதை விரலால் தள்ள வேண்டியிருந்ததால், தன்னையறியாமலே சொல் தன் முதற்பொருளுக்குத் திரும்பிவிட்டது.

இந்த மூன்று இழைகளும் இன்று நம் பேச்சுத் தமிழில் தனித்தனியே ஓடுகின்றன. பூக்கடையில் பட்டன் ரோசா என்கிறார்கள். அது மொட்டுப் போன்ற சிறு ரோசா. உணவு விடுதியில் பட்டன் இட்டிலி. காய்கறிக் கடையில் பட்டன் காளான். இவை உருவத்தால் பெயர் பெற்றவை. பட்டன் கத்தி, பட்டன் போன் என்பன அழுத்துவதால் பெயர் பெற்றவை. சட்டைப் பட்டன் ஒன்றே மாட்டுவது. பட்டன் போன் என்ற பெயர் தோன்றிய விதமும் கருதத்தக்கது. எல்லாத் தொலைபேசிகளும் பொத்தான் உடையனவாக இருந்த காலத்தில் இப்பெயருக்குத் தேவையே இல்லை. கண்ணாடித் தொடுதிரை வந்தபிறகுதான் பழையதற்கு அடைமொழி வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடியிலோ பொத்தானின் படம் மட்டுமே உள்ளது. முட்டி நிற்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. ஆயினும் அதைப் பொத்தான் என்றே சொல்கிறோம்.

பொத்தானைப் போலவே, மாட்டும் கருவிகளின் பெயர்கள் பல மின்சாரத் துறையில் குடியேறியிருக்கின்றன. நம் பாடநூல்களில் மின்சுற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் பயன்படுவதைச் சாவி என்கிறோம். அது கதவைப் பூட்டும் சாவிதான். ஆங்கிலத்தில் டாகிள் என்பது முதலில் கயிற்று வளையத்தில் குறுக்கே செருகும் கட்டை, மாலுமிகளின் சொல். தடித்த குளிர்காலச் சட்டைகளில் பொத்தானுக்குப் பதிலாக இருக்கும் மரமுளையும் அதுவே. இன்று மேலும் கீழும் சாயும் சுவிட்சுக்கு அதே பெயர். மின்னணுவியலில் ஒரு நிலையை மறவாமல் பிடித்து வைத்திருக்கும் சுற்றினை லாட்ச் என்பர். அது கதவின் தாழ்ப்பாள். காரணம் வெளிப்படை. மாட்டும் கருவிக்கு மாட்டிய நிலை, மாட்டாத நிலை என்று இரண்டே நிலைகள், சுவிட்சுக்கும் அவ்வாறே. அரைகுறையாக மாட்டிய பொத்தான் கழன்றுவிடும். அரைகுறையாகத் தொட்டு நிற்கும் சுவிட்சு பொறி கக்கிக் கருகிவிடும். (சுவிட்சு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் மெல்லிய சாட்டைக்கம்பு என்று பொருள். ஒன்று மொட்டு, மற்றொன்று சுள்ளி. மின்பலகை முழுவதும் ஒரு செடி போலும்!)

பெயர்ச்சொல்லின் கதை இவ்வளவே. அதைவிட இடர் விளைப்பது வினைச்சொல்.

தமிழில் சட்டைக்குப் பொத்தான் போடுகிறோம். விளக்குக்குச் சுவிட்சைப் போடுகிறோம். இரண்டிடத்தும் ‘போடு’ என்பது பிரிந்திருப்பதைச் சேர்ப்பதையே குறிக்கிறது. எதிர்ச்செயலுக்குச் சட்டையில் கழற்றுகிறோம், விளக்கை அணைக்கிறோம், விசிறியை நிறுத்துகிறோம். எவ்விடத்தும் குழப்பம் இல்லை. போடு என்பது எறிதல், இடுதல், அணிதல் என்று எத்தனையோ பொருள் உடைய சொல். இலக்கணப் பெரியோர்க்கு அவ்வளவாகப் பிடிக்காத சொல். ஆனால் இவ்வகையில் இந்திக்காரரின் ‘பந்த்’தைவிட நம் ‘போடு’ ஆயிரம் மடங்கு பாதுகாப்பானது என்பேன்.

இந்தியில் பந்த் என்பது மூடுதல், நிறுத்துதல் இரண்டையும் குறிக்கும். கடையடைப்பை நாம் பந்த் என்று சொல்வதும் அச்சொல்லே. விசிறியைப் பந்த் செய்தால் நிற்கும். ஆனால் இந்தி இயற்பியல் நூலைத் திறந்து பாருங்கள். அங்கே பந்த் பரிபத் என்றால் மூடிய சுற்று. அதில் மின்னோட்டம் பாயும். வீட்டில் நிற்பது பாடத்தில் ஓடுகிறது! இந்தி பேசும் மாணவர்களும் முதலாண்டில் இதில் தடுமாறுகின்றனர் என்பதை என் வகுப்புத் தோழர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நாம் மட்டும் தப்பிவிட்டோம் என்று மகிழ வேண்டா. பேச்சில் இல்லாத குழப்பத்தை நம் பாடநூல் தமிழும் தேடி வைத்திருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். மதகைத் திறந்தால் வயலுக்கு நீர் பாயும். இப்படிப் பழகிய உழவர் வீட்டுப் பிள்ளையிடம், ‘சாவியைத் திறந்தால் மின்னோட்டம் நிற்கும், மூடினால் பாயும்’ என்கிறோம். அவன் மனப்பாடம் செய்துகொள்கிறான். ஆனால் கை பழைய வழியிலேயே போகிறது. மின்னோட்டத்தை நீரோட்டத்தோடு ஒப்பிட்டுக் கற்பிப்பதும் நாமே. அந்த ஒப்புமை இவ்விடத்தில் காலை வாரிவிடுகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எனக்குத் தெளிவு தந்த உவமை பாம்பன் பாலம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழும். 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேர் மேலே உயரும். கப்பலுக்காகப் பாலம் திறந்தால் இரயில் நிற்கும். பாலம் இறங்கி மூடிக்கொண்டால் இரயில் ஓடும். மின்னோட்டம் என்பது குழாய்க்குள் வரும் நீர் அன்று. பாலத்தின்மேல் வரும் இரயில். சுவிட்சு என்பது கதவு அன்று, பாலம். இப்படி எண்ணினால் திறத்தலும் மூடுதலும் தாமே சரியாகிவிடுகின்றன. சட்டைப் பொத்தானும் இரண்டு கரைகளை இணைக்கும் ஒரு பாலம்தானே? காவலர் முதியவர் காலையில் சட்டையைப் பார்த்துச் சொல்லும் பந்த், இயற்பியலாரின் பந்த்தோடு ஒத்துப்போகிறது. விசிறிக்குச் சொல்வதுதான் வேறு.

சுவிட்சுக்கு நல்ல தமிழ்ச் சொல் இல்லையா என்று கேட்பீர்கள். விசை என்று சிலர் எழுதுகின்றனர். தட்டச்சுப் பொறியில் விசைப்பலகை என்பது நன்றாகவே நிலைத்துவிட்டது. ஆனால் இயற்பியல் மாணவனுக்கு இது பொருந்தாது. நியூட்டனின் இரண்டாம் விதியில் விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. ‘விசையின்மேல் விசையைச் செலுத்துக’ என்று ஆய்வுக் குறிப்பேட்டில் எழுத நேர்ந்தால் என் செய்வது? இலங்கைத் தமிழர் பாடநூல்களில் ஆளி என்று வழங்குகின்றனர். மின்னோட்டத்தை ஆள்வது ஆளி. சிறிய சொல், வேறு பொருளோடு மோதாத சொல். நம் நூல்களும் இதை ஏற்றுக்கொண்டால் நான் மகிழ்வேன். ஆனால் அதையும் அவர்கள் மூடவும் திறக்கவும்தான் செய்கின்றனர் என்பதை மறத்தல் கூடாது.

எஞ்சியிருக்கும் வினை அழுத்துதல். இதில் குழப்பம் இல்லை என்று முதலில் எண்ணினேன். அழுத்து என்றால் அழுத்துவது, அவ்வளவுதானே? ஆனால் அழுத்தினால் என்ன நிகழும் என்பதை அச்சொல் சொல்வதில்லை. மின்மணியின் பொத்தானை அழுத்தினால் சுற்று இணையும். விரலை எடுத்தால் பிரியும். எந்திரங்களில் ஆபத்துக் காலத்தில் நிறுத்துவதற்கென்று மஞ்சள் பின்னணியில் சிவப்புப் பொத்தான் ஒன்று வைத்திருப்பர். அதை அழுத்தினால் இணைந்திருந்த சுற்று பிரியும். விரலை எடுத்தாலும் அது பதிந்தே நிற்கும். எப்போதும் இணைந்திருக்குமாறு அதை அமைப்பதற்குக் காரணம் உண்டு. இடையில் எங்காவது கம்பி அறுந்துபோனாலும் சுற்று பிரிந்து எந்திரம் தானே நின்றுவிடும். அழுத்தும்போது இணையும் பொத்தானாக இருந்தால், கம்பி அறுந்தது ஆபத்து வரும் வரையில் யாருக்கும் தெரியாது. உள்ளங்கையால் அறைந்தாலும் படும்படி அதன் தலையைக் காளானைப் போல அகலமாகச் செய்கின்றனர். அதற்குக் காளான் பொத்தான் என்றே பெயர். பொத்தானைப் பார்த்துக் காளானுக்குப் பெயர் வைத்தவர்கள், காளானைப் பார்த்துப் பொத்தானுக்கும் பெயர் வைத்துவிட்டனர்.

வாக்குப்பதிவு எந்திரத்தின் நீலப் பொத்தான் இன்னொரு வகை. 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் சில சாவடிகளில் முதன்முறையாகப் பயன்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வந்த எந்திரம் அது. அதில் ஒருமுறை அழுத்தினால், வாக்குச்சாவடி அலுவலர் தம்மிடமுள்ள பொத்தானை அழுத்தி அடுத்தவருக்கு வழிவிடும் வரையில், எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. இந்த ஏற்பாட்டின் அருமை மின்னணுவியல் ஆய்வுக்கூடத்தில்தான் எனக்கு விளங்கியது. சாதாரணப் பொத்தான் ஒன்றை அழுத்தி, அதன் மின்னழுத்தத்தை அலைகாட்டியில் பார்த்தேன். ஒருமுறைதான் அழுத்தினேன், திரையிலோ ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் பலமுறை இணைந்து பிரிந்து இணைந்திருந்தது. உலோகத் துண்டுகள் பந்து போல ஒன்றன்மேல் ஒன்று துள்ளுவதே காரணம். ஆகவே எண்ணும் கருவிகளில், முதல் தொடுகைக்குப் பின் சிறிது நேரம் காத்திருந்து எண்ணுமாறு அமைக்கிறார்கள். மனிதனுக்கு ஒன்றாகத் தோன்றும் அழுத்தம் கருவிக்குப் பலவாகத் தோன்றுகிறது.

ஆய்வுக்கூட நிகழ்ச்சிக்கு வருகிறேன். அதன்பின் மேசைதோறும் எச்சரிக்கை அட்டை ஒன்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாட்ட முடிவாயிற்று. நம் மாணவர்கள் பலர் அங்கே பயில்வதால், தமிழிலும் எழுதிச் சேர்க்க இசைவு பெற்றோம். எழுதும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு வரி எழுத ஒரு வாரம் ஆயிற்று என்றால் நண்பர்கள் நகைப்பார்கள். மூடுக என்றும் எழுத முடியாது. திறக்க என்றும் எழுத முடியாது. அழுத்துக என்று மட்டும் எழுதினாலும் போதாது. தூய தமிழ் விரும்பிய நண்பர் பொத்தானை நீக்கிக் குமிழ் என்று எழுதச் சொன்னார். ஆபத்து வேளையில் படிக்க வேண்டிய வரியில், படிப்பவன் நின்று பொருள் தேட வேண்டிய சொல் எதுவும் கூடாது என்று நான் மறுத்துவிட்டேன். ஐந்நூறு ஆண்டுகளாக நம் சட்டையில் இருக்கும் சொல், அட்டையிலும் இருக்கட்டும் என்றேன். அவர் முகம் சற்று வாடியது, பிறகு இசைந்தார்.

முடிவில், பொத்தானுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தொடங்காமல், மின்சாரத்திற்கு என்ன ஆக வேண்டும் என்று தொடங்கினேன். ‘மின்சாரம் நிற்க: சுவரிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துக. செருகியைப் பிடுங்கி மேசைமேல் கண்ணெதிரே வைத்த பின்னரே திருகாணியைத் தொடுக.’ இந்தி வரியை எழுதிய வகுப்புத் தோழரும் இதைக் கேட்டுவிட்டுத் தாம் எழுதியிருந்த பந்த்தை அடித்து, ‘பிஜ்லி ரோக்னே கே லியே’, அதாவது மின்சாரத்தை நிறுத்துவதற்கு, என்று மாற்றிக்கொண்டார்.

விரல்கள் இரண்டும் ஆறப் பன்னிரண்டு நாள் ஆயின. கட்டைவிரலும் சுட்டுவிரலும் இல்லாமல் சோறு உண்டுவிடலாம், கரண்டியால். சட்டைப் பொத்தான் மட்டும் போட முடியாது, முயன்று பாருங்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் காலை ஏழரை மணிக்கு எங்கள் அறைக் கதவு மெல்லத் தட்டப்படும். முதலாண்டு மாணவன் நிற்பான். முதல் நாள் அவன் ஒன்றும் பேசவில்லை. கை மட்டும் நடுங்கிற்று. என் தோழர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ‘மேலே இருந்து தொடங்கு தம்பி, இல்லாவிட்டால் ஒன்று மாறிவிடும்’ என்றார். ‘சரிங்க அண்ணே’ என்று சொல்லி, அவன் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான்.